ஒரே நாளில் 300 கிலோமீட்டர் ஸ்னோமொபைல்: முடியுமா?

கேள்வி இதுதான். நண்பர்கள் மூன்று பேர். பிப்ரவரி நடுவில் ஒரு நாள், வாடகை ஸ்னோமொபைல்களில் (பனிமேல் ஓடும் மோட்டார் வண்டிகளில்), இயந்திரம் வைத்துச் சமன்செய்த தடத்தை விட்டு விலகாமல் 300 கிலோமீட்டர் சுற்றிவிட்டு இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும். இருவர் ஓரளவு ஓட்டிப் பழகியவர்கள். மூன்றாமவர் ஒரு மணி நேரச் சவாரி மட்டும் போயிருக்கிறார். வழியில் ஓர் உறைந்த ஏரி வேறு குறுக்கே வருகிறது. முடியுமா, எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

300 வேண்டாம், 200 வைத்துக்கொள்ளுங்கள். பழகிய இருவர் மட்டும் போனால் 300 எட்டக்கூடிய தூரம்தான். மூன்றாமவரையும் சேர்த்துக்கொண்டு போனால், கடைசி 80 கிலோமீட்டரை இருட்டில், களைத்துப்போய், குண்டும் குழியுமான தடத்தில் ஓட்ட வேண்டிவரும்.

வேகமானியில் 60, 70 என்று முள் நிற்பதைப் பார்த்துவிட்டு, "ஐந்து மணி நேரத்தில் முடிந்துவிடும்" என்று கணக்குப் போடுவது வழக்கம். அந்தக் கணக்கு எப்போதும் பொய்த்துப்போகும். சாலையைக் கடக்கும் ஒவ்வோர் இடத்திலும் நிற்க வேண்டும், மூன்று வண்டியும் கடந்து முடிக்க வேண்டும். பெட்ரோல் போட வேண்டும். சாப்பிட நின்றால் தலைக்கவசம், கையுறை, மேலங்கி எல்லாம் கழற்றி மாட்டவே கால் மணி நேரம் போய்விடும். ஒருவருக்குக் கண்ணாடியில் பனிமூட்டம், இன்னொருவருக்குச் சிறுநீர் அவசரம். இத்தனையும் சேர்த்தால் மூன்று பேர் குழுவின் நாள் சராசரி மணிக்கு 30 கிலோமீட்டர் வந்தாலே நல்ல நாள். சட்டமும் ஒன்று இருக்கிறது. கனடாவின் ஒன்டாரியோவில் ஸ்னோமொபைல் தடத்தில் உச்சவரம்பே மணிக்கு 50 கிலோமீட்டர்தான். அமெரிக்காவின் மினசோட்டாவில் 50 மைல், அதாவது ஏறக்குறைய 80 கிலோமீட்டர். எங்கே ஓட்டப்போகிறீர்களோ அந்த ஊர் வரம்பை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பகல்வெளிச்சம் எவ்வளவு கிடைக்கும் என்பது அடுத்த கணக்கு. 45 பாகை அட்சரேகையில் டிசம்பர் கடைசியில் சூரியன் எட்டே முக்கால் மணி நேரம்தான் தலைகாட்டும். பிப்ரவரி நடுவில் பத்தே கால் மணி நேரத்துக்குச் சற்று மேல் கிடைக்கும். நீங்கள் தேர்ந்தெடுத்த மாதம் நல்ல மாதம். பனி இன்னும் ஆழமாக இருக்கும், பகலும் நீண்டிருக்கும்.

ஆனால் அந்தப் பத்து மணி நேரமும் ஒரே மதிப்புள்ளதில்லை. இதுதான் பலருக்குத் தெரியாத விஷயம். தடம் எப்படி உருவாகிறது என்று புரிந்தால் எத்தனை மணிக்குக் கிளம்புவது, எங்கே சாப்பிடுவது என்பதெல்லாம் தானாகப் பிடிபடும்.

பனித்தடத்தில் மேடுபள்ளம் வருவது வானிலையால் அல்ல, நம்மால். ஒருவர் பிரேக் போடும் இடத்திலும் முடுக்கும் இடத்திலும் வண்டிக்கு அடியில் சுழன்று அதை நகர்த்தும் ரப்பர் பட்டை கொஞ்சம் பனியைத் தோண்டிப் பின்னால் குவிக்கிறது. அடுத்து வருபவரின் வண்டி அந்தச் சின்ன மேட்டில் எகிறி, இறங்கும் இடத்தை இன்னும் ஆழமாக்குகிறது. அந்த அதிர்விலேயே அவரும் கொஞ்சம் முடுக்குகிறார், கொஞ்சம் விடுகிறார். சில நூறு வண்டிகள் போனால், முழங்கால் உயரத்துக்கு வரிசையாக மேடுகள் நிற்கும். வளைவுகளுக்கு முன்னாலும் சாலைக் கடப்புகளுக்குப் பக்கத்திலும் இவை மோசமாக இருப்பது அதனால்தான்.

இதைச் சரிசெய்ய வரும் இயந்திரம், பட்டைச் சக்கரம் பூட்டிய பெரிய டிராக்டர். அதற்குப் பின்னால் நீளமான இரும்புச் சட்டம் ஒன்று இழுபட்டு வரும். உழுத வயலில் பரம்படிப்பது போலத்தான், ஆனால் இன்னும் சில படிகள் கூடுதல். சட்டத்தின் முன்பகுதியில் இருக்கும் கத்திகள் மேட்டைச் சீவுகின்றன. மேட்டின் தலையை மட்டும் சீவிப் பள்ளத்தை நிரப்பினால் போதாது, பள்ளத்தின் அடிவரை வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் நிரப்பிய பனி இளகலாகவே இருந்து, மறுநாளே அதே இடத்தில் அதே பள்ளம் திரும்பிவிடும். சீவிய பனி சட்டத்துக்குள் புரண்டு உடைந்து கலக்கிறது, அதிலிருந்த காற்று வெளியேறுகிறது. கடைசியில் அகலமான தட்டு அழுத்தி மெழுகிவிட்டுப் போகிறது.

அந்த நேரத்தில் தடம் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் உறுதி இருக்காது. உடைந்த பனித்துகள்கள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் மெல்ல ஒட்டிப் பிணைந்து இறுக வேண்டும். அதற்குக் குளிரும் வேண்டும், யாரும் மேலே ஓட்டாத சில மணி நேரமும் வேண்டும். இயந்திரம் பெரும்பாலும் இரவில் வேலை செய்வது இதற்காகத்தான். காலை விடியும்போது தடம் மேஜை மாதிரி தட்டையாக, குதிகாலால் குத்தினாலும் குழி விழாத அளவுக்கு இறுகிக் கிடக்கும். மதியம் இரண்டு மணிக்கு, அதுவும் சனிக்கிழமையென்றால், அதே தடத்தில் முதுகெலும்பு கழன்றுவிடும்.

ஆகவே வெளிச்சம் வந்தவுடன் கிளம்புங்கள். 200 கிலோமீட்டரில் 120ஐ மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடிக்கிற மாதிரி சுற்றுப்பாதையைப் போடுங்கள். எல்லோரும் வந்து குவியும் பிரபலமான பகுதியைக் காலையிலேயே கடந்துவிட வேண்டும், ஆள் குறைந்த கிளைத்தடத்தை மாலைக்கு வைக்க வேண்டும். வார நாளில் போக முடிந்தால் இன்னும் நல்லது. மார்ச்சுக்குத் தள்ளிப்போனால் மதியச் சூரியன் தடத்தைக் கூழாக்கிவிடும், அப்போது காலைக்கு இரட்டிப்பு மதிப்பு.

சமன்செய்யும் இயந்திரம் எதிரே வந்தால் என்ன செய்வது? அது மெதுவாகத்தான் வரும், ஆனால் தடத்தின் முழு அகலத்தையும் அடைத்துக்கொண்டு வரும். வலது ஓரமாக ஒதுங்கி நின்றுவிடுங்கள். அது உங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தால், ஓட்டுநர் உங்களைப் பார்த்து ஒதுங்கிக் கைகாட்டும் வரை தாண்டாதீர்கள். உள்ளே உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலான இடங்களில் உள்ளூர்க் கிளப்பைச் சேர்ந்தவராக இருப்பார். ஒரு கையசைப்பு கொடுத்துவிட்டுப் போங்கள்.

இறுகிய தடத்துக்கு ஒரு மறுபக்கம் உண்டு. பெரும்பாலான வண்டிகளில் என்ஜினின் சூடு, இருக்கைக்கு அடியில் இருக்கும் உலோகத் தகடுகள் வழியாக வெளியேறுகிறது. பட்டை வாரி இறைக்கும் பனி அந்தத் தகடுகளில் படவேண்டும். பட்டை உருளும் தண்டவாளத்தின் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் பட்டிக்கும் அந்தப் பனித்தூள்தான் எண்ணெய். பளிங்கு மாதிரி இறுகிய தடத்திலும் ஏரிப் பனிக்கட்டியிலும் தூள் கிளம்பாது. வெப்பமானி ஏறும், பிளாஸ்டிக் உருகி இழுக்கும், கருகல் வாடை வரும். இதற்காகவே தடத்தைக் கீறிப் பனித்தூள் கிளப்பும் கம்பிகள் வண்டியின் இரு பக்கமும் பொருத்தியிருக்கும். காலையில் அவற்றைக் கீழே இறக்கிவிட்டோமா என்று பாருங்கள். அப்போதும் சூடு ஏறினால், தடத்தின் வலது ஓரத்தில் கிடக்கும் இளம்பனியில் கொஞ்ச தூரம் ஓட்டினால் போதும், முள் இறங்கிவிடும். பின்னோக்கி எடுக்கும் முன் கம்பிகளைத் தூக்கிவிடுங்கள். சில வகைக் கம்பிகள் பின்னோக்கிப் போகும்போது மடங்கி உடையும்.

இப்போது மூன்றாமவருக்கு வருவோம். ஸ்னோமொபைலில் முடுக்கி வலது கட்டைவிரலில், பிரேக் இடது கையில். புதிதாக ஓட்டுபவர் பயந்தால் என்ன செய்வார் தெரியுமா? கைப்பிடியை இறுக்கிப் பிடிப்பார். இறுக்கும்போது கட்டைவிரலும் சேர்ந்து அழுந்தும், வண்டி பாயும். வளைவில் நேராக மரத்தை நோக்கிப் போகும் விபத்துகளுக்கு இது ஒரு முக்கியக் காரணம். "பயந்தால் கட்டைவிரலை எடு" என்று கிளம்பும் முன் அவரிடம் நாலு முறை சொல்லுங்கள். விரலை எடுத்தாலே என்ஜின் இழுவையில் வண்டி நன்றாக வேகம் குறையும், எடையும் முன்னால் வந்து, முன்சக்கரத்துக்குப் பதிலாக இருக்கும் பனிச்சறுக்குக் கட்டைகள் தரையைக் கவ்வும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, உள்பக்கம் உடம்பைச் சாய்த்து, லேசாக முடுக்கிக்கொண்டே வெளியேறுவதுதான் முறை. வளைவின் நடுவில் பயந்து பிரேக்கை அழுத்தினால் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு போய்விடும். மேடுபள்ளத்தில் முழங்காலை மடக்கி அரைகுறையாக எழுந்து நிற்கச் சொல்லுங்கள். உட்கார்ந்தே வாங்கினால் மறுநாள் எழுந்திருக்க முடியாது.

அவர் நடுவில் வரட்டும். நன்றாக ஓட்டுபவர் கடைசியில். முன்னால் போகிறவருக்கு ஒரே ஒரு வேலை: தடம் பிரியும் ஒவ்வோர் இடத்திலும் நின்று, பின்னால் வருபவர் தன்னைப் பார்த்தாரா என்று உறுதி செய்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும். இந்த ஒரு பழக்கம் இருந்தால் யாரும் தொலைய மாட்டார்கள். இடைவெளி, முன்வண்டி கிளப்பும் பனிப்புகை அடங்கித் தடம் கண்ணுக்குத் தெரியும் அளவு.

கைச்சைகைகள் எல்லாம் இடது கையால்தான், ஏனென்றால் வலது கை முடுக்கியில். இடது கையை நேராக நீட்டினால் இடப்பக்கம் திரும்புகிறேன். முழங்கையை மடக்கி முன்கையைச் செங்குத்தாக உயர்த்தினால் வலப்பக்கம். கையைத் தலைக்கு மேல் நேராகத் தூக்கினால் நிற்கிறேன். கட்டைவிரலைத் தோளுக்குப் பின்னால் காட்டினால் இன்னும் ஆட்கள் வருகிறார்கள். முஷ்டி மடக்கிக் காட்டினால் நான்தான் கடைசி. எதிரே வருபவருக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று விரல்விட்டு எண்ணிக் காட்டும் வழக்கமும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. வளைவில் எதிரே வண்டி வரும் அந்த நொடியில்தான் பிரேக் தேவைப்படும், அந்த நேரம் பார்த்துப் பிரேக் கையை எடுத்து விரல் எண்ணுவதில் அர்த்தமில்லை. உங்கள் மூன்றாமவர் யாருக்கும் எந்தச் சைகையும் காட்ட வேண்டாம். இரண்டு கையும் பிடியில் இருந்தால் போதும், வலது ஓரத்தை விட்டு விலகாமல் வந்தால் போதும்.

பெட்ரோல் விஷயம் சுருக்கமாக. டேங்க் பெரும்பாலும் 40 லிட்டர் சுமார். டூ ஸ்ட்ரோக் வண்டி 100 கிலோமீட்டருக்கு 15 முதல் 20 லிட்டர் குடிக்கும், இளம்பனியில் இன்னும் கூட. ஆக முழு டேங்குக்கு 200 என்று காகிதத்தில் வரும். நீங்கள் 130ஐத் தாண்டி நிரப்பாமல் போகாதீர்கள். மூவரில் அதிகம் குடிக்கும் வண்டிதான் கணக்கு. அடுத்த பங்க் திறந்திருக்கிறதா என்று முந்தின நாள் போன் செய்து கேட்டுவிடுங்கள். டூ ஸ்ட்ரோக்கில் என்ஜின் எண்ணெயும் பெட்ரோலுடன் சேர்ந்து எரிந்து தீர்ந்துபோகும், நிரப்பும்போதெல்லாம் அதன் அளவையும் பாருங்கள். வாடகைக் கடையில் ஃபோர் ஸ்ட்ரோக் கிடைத்தால் அதை எடுங்கள். எடை கூடுதல், புதைந்தால் இழுப்பது சிரமம், ஆனால் நீங்கள் தடத்தைவிட்டு இறங்கப்போவதில்லையே. நாள் முழுக்க புகை வாடையும் இரைச்சலும் குறையும், பெட்ரோலும் மிச்சம்.

வழியில் நிற்க வைக்கும் பழுது பெரும்பாலும் பெல்ட். என்ஜினிலிருந்து பட்டைக்கு விசையைக் கொண்டுபோவது ஒரு ரப்பர் பெல்ட்தான். மாற்று பெல்ட் வண்டியில் இருக்கிறதா, அதைக் கழற்றும் கருவி இருக்கிறதா என்று கடையை விட்டுக் கிளம்பும் முன்பே திறந்து பாருங்கள். கடைக்காரரையே ஒரு முறை மாற்றிக் காட்டச் சொல்லுங்கள், அப்புறம் நீங்கள் ஒரு முறை மாற்றுங்கள். மைனஸ் 20இல், விரல் மரத்துப்போன நிலையில் கற்றுக்கொள்ளும் வேலை அல்ல இது. பெல்ட் அறுந்தால் முதலில் சாவியை அணைத்துவிட்டு, உடம்போடு கட்டியிருக்கும் பாதுகாப்புக் கயிற்றையும் பிடுங்கிவிடுங்கள். பக்க மூடியைத் திறந்தால் உள்ளே கருகிய ரப்பர் துணுக்குகள் சிதறிக் கிடக்கும். புது பெல்ட்டைப் போடும் அவசரத்தில் அவற்றை அப்படியே விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். அறுந்த பெல்ட்டின் நூல் இழைகள் கப்பியின் பின்னால், தண்டைச் சுற்றிக்கொண்டு ஒளிந்திருக்கும். டார்ச் அடித்துப் பார்த்து ஒவ்வொன்றாக இழுத்து எடுக்க வேண்டும். பிறகு பின்கப்பியைக் கருவியால் விரித்து, பெல்ட்டில் அம்புக்குறி இருந்தால் சுழலும் திசைக்குப் பொருந்தும்படி நுழையுங்கள். புது பெல்ட்டை முதல் 50 கிலோமீட்டர் முரட்டுத்தனமாக முடுக்காமல் ஓட்டினால் நீண்ட நாள் வரும். இந்த ஒரு பழுதுக்கே முக்கால் மணி நேரம் ஒதுக்கி வைத்திருங்கள்.

குளிர். காற்றின் வேகத்தைச் சேர்த்துக் குளிரைக் கணக்கிட அமெரிக்காவும் கனடாவும் 2001 முதல் பயன்படுத்தும் சூத்திரப்படி, வெப்பநிலை மைனஸ் 15ஆக இருக்கும்போது மணிக்கு 60 கிலோமீட்டர் காற்று முகத்தில் அடித்தால் அது ஏறக்குறைய மைனஸ் 30க்குச் சமம். வண்டியின் முன்கண்ணாடி நெஞ்சைக் காப்பாற்றும், ஆனால் கழுத்து, கன்னம், மணிக்கட்டு ஆகியவற்றில் விரல் நுழையும் அளவு இடைவெளி இருந்தாலும் போதும், அங்கே தோல் வெளுத்து மரத்துவிடும். உணவுக்கு நிற்கும்போதெல்லாம் ஒருவர் முகத்தை மற்றவர் பாருங்கள். வெளுத்த திட்டு அவரவருக்குத் தெரியாது.

பருத்தியை உள்ளே போடவே கூடாது. வியர்வையை உறிஞ்சிக்கொண்டு ஈரமாகவே இருக்கும். கம்பளி அல்லது செயற்கை இழை உள்ளாடை, அதன்மேல் ஒரு கனமான அடுக்கு, அதற்கு மேல் காற்று புகாத மேலங்கி. கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும். கிளம்பும்போதே இதமாக இருந்தால் பத்தாவது கிலோமீட்டரில் வியர்க்கும், முப்பதாவது கிலோமீட்டரில் நடுங்கும். காலுக்கு இரண்டு தடித்த காலுறை மாட்டி பூட்ஸுக்குள் திணிப்பதுதான் கால் உறைவதற்குச் சுலபமான வழி. இறுகினால் இரத்தம் ஓடாது. மூச்சுக்காற்று முகக்கண்ணாடியில் உறைவது பெரும் தொல்லை. கடையில் மின்சூடு உள்ள முகக்கண்ணாடி வாடகைக்குக் கிடைத்தால், வேறு எதற்குச் செலவு செய்யாவிட்டாலும் அதற்குச் செலவு செய்யுங்கள். உங்களில் யாராவது மூக்குக்கண்ணாடி போடுபவராக இருந்தால் அது கட்டாயம். செல்போனை உள்பாக்கெட்டில் உடம்போடு ஒட்டி வையுங்கள், வெளியே வைத்தால் பேட்டரி சட்டென்று இறங்கிவிடும். பல இடங்களில் சிக்னலும் இருக்காது, வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, ஏரி. இதில் மட்டும் நான் கறார். அந்தத் தடம் அன்றைக்கு அதிகாரபூர்வமாகத் திறந்திருந்து, ஏரியின் குறுக்கே குச்சி நட்டு வழி அடையாளமிட்டிருந்தால் போகலாம். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் சுற்றிக்கொண்டு போங்கள். அந்தச் சுற்றுக்கு வேண்டிய தூரத்தையும் பெட்ரோலையும் காலையிலேயே கணக்கில் சேர்த்துவிடுங்கள். ஒன்டாரியோ மாதிரியான இடங்களில் இணைய வரைபடத்திலேயே திறந்த தடம் பச்சையாகவும் மூடியது சிவப்பாகவும் தெரியும். கிளம்பும் நாள் காலையில் பாருங்கள், முந்தின வாரம் பார்த்தது செல்லாது.

ஒரு ஸ்னோமொபைலைத் தாங்க 5 முதல் 7 அங்குலம் தெளிந்த, புதிய பனிக்கட்டி வேண்டும் என்பது மினசோட்டா இயற்கைவளத் துறை சொல்லும் அளவு. பால்நிறப் பனிக்கட்டி என்றால் அதைப்போல இரண்டு மடங்கு. ஆனால் ஏரி முழுக்க ஒரே தடிமன் இருக்காது. ஓடை வந்து சேரும் இடம், நீர் வெளியேறும் இடம், பாலத்துக்கு அடி, இரண்டு தீவுகளுக்கு நடுவே உள்ள குறுகல், இங்கெல்லாம் அடியில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருப்பதால் பனிக்கட்டி மெலிந்திருக்கும். குச்சி நட்டவர்கள் அதைத் தெரிந்துதான் வளைத்து நட்டிருப்பார்கள், குறுக்கே வெட்டிப் போகாதீர்கள். மேலே கனத்த பனி விழுந்திருந்தால் பனிக்கட்டி அமுங்கி, விரிசல் வழியாகத் தண்ணீர் மேலேறிப் பனிக்கு அடியில் சகதியாகக் கிடக்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. வண்டி திடீரென்று கனத்து இழுத்தால் அதுதான் அறிகுறி. அங்கே நின்றுவிட்டால் புதைந்து அப்படியே உறைந்துவிடும், விரலை எடுக்காமல் சீராக முடுக்கிக்கொண்டே வெளியேறுங்கள். ஏரியில் மட்டும், பயந்தால் விரலை எடு என்ற பாடத்துக்கு இந்த விலக்கு உண்டு. மூன்றாமவரிடம் கரையிலேயே சொல்லிவிடுங்கள். இடைவெளியை நன்றாக அதிகமாக்குங்கள், மூன்று வண்டியும் ஒரே இடத்தில் கூடி நிற்க வேண்டாம்.

எவ்வளவு திட்டமிட்டாலும் கொஞ்ச தூரம் இருட்டில் ஓட்ட நேரலாம். மணிக்கு 80 கிலோமீட்டரில் ஒரு நொடிக்கு 22 மீட்டர் போகிறீர்கள். எதிரே மான் நிற்பதைக் கண்டு மூளை சொல்லிக் கை அசைவதற்குள் 30 மீட்டருக்கு மேல் போயிருக்கும், அதற்குப் பிறகுதான் வண்டி நிற்கவே தொடங்கும். முன்விளக்கு காட்டும் தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகம்தான் இரவு வேகம். மாலைச் சாப்பாட்டுக்கு நின்று பீர் குடிக்கும் குழுக்களை வழியில் பார்ப்பீர்கள். அவர்களோடு சேர்ந்து கிளம்பாதீர்கள், முன்னே போகவிடுங்கள்.

தடம் பெரும்பாலும் தனியார் நிலங்களின் வழியாகத்தான் போகிறது. நில உரிமையாளர் அனுமதி கொடுத்ததால் தடம் இருக்கிறது, யாரோ இறங்கி வயலில் வட்டம் போட்டால் அடுத்த ஆண்டு அந்தப் பகுதி மூடியிருக்கும். அதேபோல் தட அனுமதிச்சீட்டு, காப்பீடு ஆகியவை வாடகையில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

திரும்பும் நேரத்தையும் கிளம்பும் முன்பே மூவரும் பேசி முடிவு செய்துவிடுங்கள். மதியம் ஒரு மணிக்குள் 120 கிலோமீட்டர் ஆகவில்லையென்றால் சுற்றுப்பாதையை விட்டுவிட்டுக் குறுக்குத்தடத்தில் திரும்புவது. அந்தக் குறுக்குத்தடம் எது என்று வரைபடத்தில் இப்போதே வட்டமிட்டு வையுங்கள், களைத்த தலையோடு அங்கே நின்று தேட வேண்டாம். வண்டியை முந்தின நாள் மதியமே எடுக்க முடிந்தால் எடுத்து, மூன்றாமவரை 30 கிலோமீட்டர் ஓட்டவிடுங்கள். கட்டைவிரல் வலிக்கிறதா, கால் குளிர்கிறதா, முகக்கண்ணாடி மூடுகிறதா என்பதெல்லாம் அன்றைக்கே தெரிந்துவிடும், மாற்றிக்கொள்ளக் கடையும் பக்கத்தில் இருக்கும்.